அப்பா பேரில் நிலம், அம்மா கையில் கரம் (நில வரி) ரசீது: எல்லையோர வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, கோவிந்தாபுரம். கேரள எல்லையின் இந்தப் பக்கத்தில் வீட்டுக்குள் தமிழ், ஆதாரத்தில் (நிலப் பத்திரத்தில்) மலையாளம். சித்தூர் தாலுகாவில் (ஆந்திரச் சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர்) 22 வருடமாக ஆதாரம் எழுதிப் பிழைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. ஆனால் அப்பா போய் நாற்பது நாள் கழிந்ததும் திண்ணையில் வந்து உட்காருகிறவர்கள் என்ன கேட்பார்கள் என்பது எனக்கு மனப்பாடம். பாதிப் பேர் தாழ்ந்த குரலில்தான் கேட்பார்கள், பெற்ற தாயின் மேல் புகார் கொடுக்க வந்ததுபோல.

அப்பா இறந்துவிட்டார். சொத்து முழுக்க அம்மாவுக்குத்தானே? அம்மா காலத்துக்குப் பிறகுதானே பிள்ளைகளுக்கு?

இல்லை. இந்த ஊரில் பத்துப் பேரைக் கேட்டால் எட்டுப் பேர் அப்படித்தான் நம்புகிறார்கள், அம்மாக்களும் சேர்த்துத்தான். இந்துக் குடும்பத்தில் அப்பா ஒசியத்து (உயில்) எழுதாமல் போயிருந்தால், 1956 வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய மனைவி, மகன்கள், மகள்கள், அவரைப் பெற்ற தாய் எல்லாரும் முதல் வகுப்பு வாரிசுகள். ஆளுக்கு ஒரு பங்கு, ஒரே நேரத்தில். அப்பாவின் உயிர் பிரிந்த அந்த நிமிஷமே பங்கு இறங்கிவிடுகிறது. அம்மா கொடுத்து வாங்குவது அல்ல அது.

கல்யாணமாகிப் போன மகளுக்கும் அதே பங்குதான். "நகை போட்டு அனுப்பினோமே" என்பது வீட்டுக் கணக்கு, சட்டக் கணக்கில் அது வராது. அப்பாவுக்கு முன்னால் ஒரு மகனோ மகளோ இறந்திருந்தால், மகனென்றால் அவன் மனைவி பிள்ளைகளுக்கு, மகளென்றால் அவள் பிள்ளைகளுக்கு, சேர்த்து ஒரு பங்கு.

பாட்டி உயிரோடு இருக்கிறார். அவருக்குமா?

அவருக்கும்தான். இதை மறந்துவிட்டுத்தான் நிறையப் பேர் பின்னால் மாட்டிக்கொள்கிறார்கள்.

அப்பா பேரில் மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு என்று வையுங்கள். அம்மா, இரண்டு மகன், ஒரு மகள், பாட்டி: மொத்தம் ஐந்து பேர். ஆளுக்கு 60 சென்ட். சரி, இரண்டு வருடம் கழித்துப் பாட்டியும் போகிறார், எதுவும் எழுதி வைக்காமல் (தாத்தா முன்பே போய்விட்டார் என்று வையுங்கள்). அவருடைய 60 சென்ட் இப்போது அவர் பெற்ற பிள்ளைகளுக்கு. அப்பாவோடு பிறந்தவர்கள் ஒரு சித்தப்பாவும் ஒரு அத்தையும் என்றால், சித்தப்பாவுக்கு 20, அத்தைக்கு 20, இறந்த அப்பாவின் பிள்ளைகள் மூன்று பேருக்கும் சேர்த்து 20. மருமகள் என்ற முறையில் உங்கள் அம்மாவுக்கு அந்த 20-இல் ஒன்றும் கிடையாது. நேற்று வரை தோப்புப் பக்கமே எட்டிப் பார்க்காத சித்தப்பா இன்றைக்கு உங்கள் கூட்டுச் சொந்தக்காரர். பாட்டி நல்ல நினைவோடு இருக்கும்போதே அவர் பங்கை என்ன செய்ய விரும்புகிறார் என்று கேட்டு எழுதிவிடுங்கள். கேட்பது சங்கடம்தான்.

தாத்தா, அதாவது அப்பாவின் அப்பா, முதல் வகுப்பில் வரமாட்டார். ஏன் தாய்க்கு உண்டு, தகப்பனுக்கு இல்லை என்றால், சட்டம் எழுதியவர்களைத்தான் கேட்க வேண்டும்.

"எல்லாம் எனக்குன்னு உங்கப்பா எழுதிட்டாரு" என்கிறார் அம்மா. உண்மையா என்று எப்படிப் பார்ப்பது?

எழுதியிருந்தால் பேச்சே இல்லை. அப்பா தானே சம்பாதித்த சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் ஒசியத்து எழுதலாம், பிள்ளைகளுக்கு ஒரு சென்ட்கூட வைக்காமலும். இரண்டு சாட்சி கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். பதிவு செய்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

பலர் செய்கிற தவறு, வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்துவிட்டு "ஒசியத்து இல்லை" என்று முடிவு கட்டுவது. ஒசியத்து பதிவாவது சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீசின் மூன்றாம் புத்தகத்தில் (பதிவேட்டில்). வில்லங்கச் சான்று காட்டுவது முதல் புத்தகத்தை. அதனால் அதில் ஒசியத்து தெரியாது. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவர் நியமித்த ஆளுக்கோதான் நகல் தருவார்கள். அவர் இறந்த பிறகு யார் மனுப் போட்டாலும் தருவார்கள். இறப்புச் சான்றோடு சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீசுக்குப் போய்த் தேடச் சொல்லுங்கள்.

பதிவில்லாத ஒசியத்து என்று ஒரு காகிதத்தைக் காட்டினால், சாட்சிகள் யார் என்று முதலில் பாருங்கள். தகராறு என்று வந்தால், உயிரோடு இருக்கும் சாட்சி ஒருவராவது கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டும்.

நாங்கள் ராவுத்தர் குடும்பம். எங்களுக்கும் இதே கணக்கா?

இல்லை. பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, பழைய பேச்சில் சொன்னால் ரூபாய்க்கு இரண்டணா. மீதியில் மகளுக்கு ஒன்று என்றால் மகனுக்கு இரண்டு. அம்மா, ஒரு மகன், ஒரு மகள் மட்டும் என்றால் சொத்தை 24 ஆக்கி அம்மாவுக்கு 3, மகனுக்கு 14, மகளுக்கு 7. இறந்தவரின் தாயோ தகப்பனோ இருந்தால் அவர்களுக்கு ஆளுக்கு ஆறில் ஒன்று முதலில் போகும். ஒசியத்தும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தாங்காது, வாரிசுகளில் ஒருவருக்கே எழுதினால் மற்ற வாரிசுகள் சம்மதிக்க வேண்டும்.

கிறிஸ்தவர்கள்?

1925 வருட இந்திய வாரிசுரிமைச் சட்டம். மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி மூன்றில் இரண்டு பிள்ளைகளுக்குச் சமமாக, ஆண் பெண் பேதமில்லாமல். பாட்டிக்குப் பங்கு இல்லை.

பழைய திருவிதாங்கூர்ப் பகுதியில், அதாவது பீருமேடு, தேவிகுளம் பக்கத் தமிழ்க் குடும்பங்களில், இன்னும் ஒரு பழைய நினைப்பு உலாவுகிறது: மகளுக்கு மகன் பங்கில் கால், அல்லது ஐயாயிரம் ரூபாய், எது குறைவோ அது. அது 1916 வருட திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம். மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம், 1951 ஏப்ரல் 1 முதலே அந்தச் சட்டம் செல்லாது என்று சொல்லிவிட்டது. தீர்ப்பு வந்து எத்தனையோ காலமாயிற்று. "ஐயாயிரம் கொடுத்தால் போதும்" என்று சொல்லிக்கொண்டு போன வருடம்கூட ஒருவர் வந்தார்.

எங்களுடையது பூர்வீகச் சொத்து. அதில் அம்மாவுக்கு எவ்வளவு?

அப்பா கிரயத்துக்கு வாங்கியதா, வழிவழியாக வந்ததா என்பதை முதலில் ஆதாரத்தைப் பார்த்து உறுதி செய்யுங்கள். தாத்தா பேரில் இருந்ததெல்லாம் பூர்வீகம் என்று இங்கே ஒரு பேச்சு உண்டு, அது அப்படி இல்லை.

கேரளத்தில் இது கொஞ்சம் சிக்கல். இந்துக் கூட்டுக் குடும்பமே இனி இல்லை என்று மாநிலச் சட்டம் 1976 டிசம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது, பிறப்பால் வரும் உரிமை போயிற்று. அப்புறம் 2005-இல் மத்திய சட்டத் திருத்தம் மகளையும் மகனைப் போலப் பிறப்பால் பங்காளி ஆக்கியது. இரண்டும் முட்டிக்கொண்டன. 2025 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம், மாநிலச் சட்டத்தின் 3, 4 பிரிவுகள் மத்திய திருத்தத்தோடு பொருந்தாது என்றும், 2004 டிசம்பர் 20-க்குப் பிறகு இறந்தவரின் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு உண்டு என்றும் தீர்ப்புச் சொன்னது. உங்கள் வீட்டுக் கணக்கு எந்தப் பக்கம் விழும் என்பதை மரணத் தேதியை வைத்து ஒரு வக்கீலிடம் கேட்டுவிடுங்கள். இந்தக் கேள்விக்குத் திண்ணையில் பதில் சொல்வது எனக்கே தைரியமில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம், பொள்ளாச்சியிலோ ஆனைமலையிலோ நிலம் இருந்தால் கணக்கு தெளிவு. அப்பாவும் இரண்டு பிள்ளைகளும் பங்காளிகள், ஆளுக்கு மூன்றில் ஒன்று. அப்பாவின் மூன்றில் ஒன்று அம்மாவுக்கும் இரண்டு பிள்ளைகளுக்குமாகப் பிரியும். ஆக அம்மாவுக்கு ஒன்பதில் ஒன்று, பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்பதில் நான்கு. கணவனோடு நாற்பது வருடம் அந்த மண்ணில் களை பறித்தவருக்கு ஒன்பதில் ஒன்று. சட்டம் அப்படி. எனக்கு உடன்பாடில்லை.

"நான் கண்ண மூடறதுக்குள்ள என்ன அவசரம்?" என்று அம்மா அழுகிறார். எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது?

எல்லாரும் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி இது. எனக்குத் தெரிந்த ஒரே வழி, பேரையும் அனுபவத்தையும் தனித்தனியாகப் பிரித்துப் பேசுவது.

நீங்கள் "பாகம்" என்றதும் அம்மா காதில் விழுவது "வீட்டை விட்டு இறங்கு" என்பதுதான். அடுப்படி போகும், மர வாடகை (மரம் கள்ளுக்கு விட்ட பணம்) போகும், நாளைக்கு மருமகளிடம் மாத்திரைக்குக் காசு கேட்டு நிற்க வேண்டும். இதெல்லாம் அந்த ஒரு சொல்லில் அவருக்குத் தெரிகிறது. பயத்தில்தான் பேசுகிறார், பேராசை என்று நினைக்காதீர்கள். அதனால் முதல் நாளிலேயே பாகம் கேட்காதீர்கள். "அம்மா, வில்லேஜ் ஆபீசில் இன்னும் அப்பா பேரிலேயே கிடக்கிறது. எல்லார் பேரையும் ஏற்றிவிடுவோம். தேங்காய், மர வாடகை, வீடு எல்லாம் இப்போது போலவே உங்கள் கையில் இருக்கட்டும்" என்று சொல்லிப் பாருங்கள்.

பேர் ஏறிவிட்டால் உங்கள் அவசரம் பாதி தீர்ந்துவிடும். வரும்படி கையில் இருந்தால் அவர் பயமும் குறையும். பங்கு போட்டு வேலி கட்டுவதை ஐந்து வருடம் கழித்துக்கூடச் செய்யலாம். உங்களில் ஒருவருக்குக் கடன் நெருக்கடி, வீடு கட்டப் பணம் வேண்டும் என்றால் அதைத் தனியாகச் சொல்லுங்கள். அந்த ஒருவரின் பங்கை மற்றவர்கள் பணம் கொடுத்து வாங்கிக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். ஒருவருக்காக மொத்தத் தோப்பையும் அறுக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. இந்தப் பேச்சை மருமகனோ மருமகளோ எடுக்கக் கூடாது. பெற்ற பிள்ளைதான் எடுக்க வேண்டும். ஒரு தாய் மாமன் பக்கத்தில் இருந்தால் நல்லது.

பேர் ஏற்ற என்ன காகிதம் வேண்டும்?

இறப்புச் சான்று, பழைய ஆதாரம், கடைசியாகக் கரம் கட்டிய ரசீது, பிறகு வாரிசுச் சான்று. வாரிசுச் சான்றுக்கு மனுத் தாலுகா ஆபீசுக்கு. வில்லேஜ் ஆபீசர் விசாரித்து அறிக்கை கொடுப்பார், கெஜட்டில் விளம்பரம் வரும், ஆட்சேபணைக்கு 30 நாள், அப்புறம் தாசில்தார் கையெழுத்து. அம்மாதான் மனுப் போட வேண்டும் என்பதில்லை, வாரிசு யாரும் போடலாம். எல்லார் பேரும் அதில் இருக்கிறதா, பாட்டி பேர் விட்டுப்போகவில்லையா என்று பாருங்கள்.

அதை வைத்து வில்லேஜ் ஆபீசில் போக்குவரவு (பேர் மாற்றம்) செய்தால் வாரிசுகள் எல்லார் பேரிலும் கூட்டுத் தண்டப்பேர் (நில வரிக் கணக்கு) வரும். கரம் ரசீதில் உங்கள் பேர் இருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. போக்குவரவோ கரம் ரசீதோ உரிமைப் பத்திரம் ஆகாது. அரசாங்கம் யாரிடம் வரி வசூலிக்க வேண்டும் என்பதற்கான பதிவு அது, அவ்வளவுதான். "இருபது வருடமாக நான்தான் கரம் கட்டுகிறேன், நிலம் எனது" என்று அம்மாவோ அண்ணனோ சொன்னால் பதறாதீர்கள். அதே மாதிரி, உங்கள் பேர் ஏறாததால் உங்கள் பங்கு போய்விட்டது என்பதும் இல்லை.

மலையாளம் வாசிக்க வராது என்று பலர் இந்த ஆபீஸ்களுக்கு ஆள் வைத்துப் போகிறார்கள். 1969 வருட கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களின் அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதலாம், தமிழில் பதிலும் கேட்கலாம். கேட்டால் முகம் சுளிப்பார்கள். கேளுங்கள்.

"ஒரு கையெழுத்துதான், சும்மா பேருக்கு" என்று ஒழிமுறியில் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

போடாதீர்கள், போடத்தான் வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யும்வரை. ஒழிமுறி என்றால் என் பங்கை விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று பதிவு செய்வது. "அம்மா பேருக்கு மாற்றினால் கடன் வாங்க லேசு", "எல்லாரும் ஆபீசுக்கு அலைய வேண்டாம்", காரணம் என்னவாக இருந்தாலும் காகிதத்தில் இருப்பது ஒன்றுதான். அந்த நிமிஷம் முதல் அம்மா முழுச் சொந்தக்காரர். அவர் அதை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம்.

என் கதையையே சொல்கிறேன். அப்பா போகும்போது எனக்கு 24 வயது. அக்காவும் நானும் அம்மா பேருக்கு ஒழிமுறி எழுதிக் கொடுத்தோம், தம்பி அப்போது பள்ளியில். பெரிய மனது காட்டினோம் என்று ஊரில் நல்ல பேர். அம்மாவுக்கு எங்கள் மேல் வஞ்சமே கிடையாது. ஆனால் கடைசி எட்டு வருடம் அவர் தம்பி வீட்டில் இருந்தார். மலம் மூத்திரம் எடுத்தது தம்பி பெண்டாட்டி. ஒருநாள் எல்லாவற்றையும் அவன் பேருக்குத் தானமாக எழுதிவிட்டார். எனக்குத் தெரிந்தது பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறகு. யாரைக் குறை சொல்வது? சட்டப்படி அவர் சொத்து, அவர் எழுதினார். ஆனால் அக்கா, பாவம், கணவன் இல்லாதவர், அவர் பங்கும் அதோடு போயிற்று. நான் ஆதாரம் எழுதும் தொழிலுக்கு வந்தது அதற்குப் பிறகுதான். இன்றைக்கு யாராவது என் மேஜையில் ஒழிமுறி எழுதச் சொன்னால், கையெழுத்துப் போடுகிறவரைத் தனியாகக் கூப்பிட்டு, "இது திரும்ப வராது, தெரியுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் தொடுவேன். அதனால் சில கட்சிக்காரர்களை இழந்திருக்கிறேன்.

அப்படியானால் அம்மாவுக்குப் பாதுகாப்பாக என்ன எழுதலாம்?

பதிவு செய்த பாகபத்திரம். அம்மாவின் பங்கை அவருக்கே முழு உரிமையாக விட்டுவிடுங்கள், வீடு நிற்கும் இடத்தை அந்தப் பங்கில் சேர்ப்பது உத்தமம். பிள்ளைகளுக்குப் போகும் பங்கின் வரும்படியை அவர் ஆயுள்வரை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி. மருத்துவச் செலவு யார் யார் எவ்வளவு என்று இன்னொரு வரி.

அம்மாவுக்குச் சேர வேண்டிய பங்கையே "ஆயுள் அனுபவம் மட்டும்" என்று சுருக்கி எழுதாதீர்கள். ஏற்கெனவே உள்ள உரிமைக்கோ ஜீவனாம்சத்துக்கோ பதிலாக ஒரு இந்துப் பெண்ணுக்குக் கொடுக்கும் சொத்து, எத்தனை நிபந்தனை எழுதினாலும் முழு உரிமையாக மாறிவிடும் என்று 1977-இல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.  சாமர்த்தியம் என்று நினைத்து எழுதிய வரி கடைசியில் பேரப்பிள்ளைகளை வழக்குக்கு இழுக்கும்.

தோப்பில் 80 மரம் கள்ளுக்கு விட்டிருக்கிறோம். அந்தப் பணம் முழுக்க அம்மா வாங்குகிறார். எனக்கும் பங்கு உண்டா?

உண்டு. இந்தத் தாலுகாவிலிருந்துதான் கேரளத்தின் பல மாவட்டங்களுக்குக் கள்ளு போகிறது, மரம் விட்டவருக்கு மாதா மாதம் வரும்படி. நிலம் கூட்டாக இருக்கும்போது அதன் வருமானமும் கூட்டு. பாக வழக்கில் வருமானக் கணக்கும் கேட்கலாம். ஆனால் அம்மா அந்தக் காசில்தான் சாப்பிடுகிறார் என்றால், பழைய பாக்கியைக் கிளறாதீர்கள் என்பது என் யோசனை. கோர்ட்டில் கேட்கத் தகுதி இருப்பதையெல்லாம் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று யார் சொன்னது? மரப் பணத்தை எடுத்து ஒரு பிள்ளைக்கு மட்டும் கார் வாங்கிக் கொடுத்தால் அது வேறு விஷயம்.

வங்கிப் பணத்துக்கு அம்மாதான் நாமினி. அதுவும் பங்கு வருமா?

வங்கி டெபாசிட்டில் நாமினி என்பவர் பணத்தை வாங்கி வைக்கும் கை, அவ்வளவுதான். உரிமை வாரிசுகளுக்கு. எல்.ஐ.சி பாலிசியிலும் நாமினி அப்படித்தான் என்று 1984-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் பின்னால் இன்சூரன்ஸ் சட்டத்தைத் திருத்தி, மனைவி, கணவன், பெற்றோர், பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சேரும் என்று ஆக்கிவிட்டார்கள். ஆகவே பாலிசிப் பணத்தில் அம்மா கை ஓங்கியிருக்கும்.

குடும்பப் பென்ஷன் அம்மாவுடையது. அதில் கை வைக்க யாருக்கும் வழி இல்லை. நாமினி இல்லாத டெபாசிட், பங்குப் பத்திரம் போன்றவற்றுக்குத் தொகை பெரிதாக இருந்தால் கோர்ட்டில் வாரிசுரிமைச் சான்று வாங்கச் சொல்வார்கள். அது தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்று அல்ல, வேறு.

எங்கள் வீட்டில் தலைகீழ். அம்மா போய்விட்டார், அம்மாவுக்கு அவர் பிறந்த வீட்டில் கொடுத்த நிலத்தை அப்பா தனது என்கிறார்.

இந்து என்றால், ஒசியத்து இல்லாமல் இறந்த பெண்ணின் சொத்து முதலில் மகன்கள், மகள்கள், கணவன் எல்லாருக்கும் சமம். அப்பாவுக்கும் ஒரு பங்கு உண்டு, முழுசும் இல்லை. நகைக்கும் இதே கணக்கு. "அக்கா சொத்து எங்களுக்குத் திரும்ப வர வேண்டும்" என்று தாய் மாமன்கள் வருவார்கள். பெற்றோரிடமிருந்து வாரிசாக வந்த சொத்து பிறந்த வீட்டுக்குத் திரும்புவது, அந்தப் பெண்ணுக்குப் பிள்ளைகளோ அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளோ இல்லாதபோதுதான். நீங்கள் இருக்கும்போது மாமனுக்கு அதில் வேலை இல்லை. கிறிஸ்தவரென்றால் கணவனுக்கு மூன்றில் ஒன்று, முஸ்லிமென்றால் நாலில் ஒன்று.

அப்பா மறுமணம் செய்தாலும் அவருக்கு வந்த பங்கு அவருடையதே. புது மனைவிக்கு உங்கள் அம்மாவின் சொத்தில் நேரடி உரிமை இல்லை, நாளைக்கு அப்பாவின் பங்கில் உண்டு. அதே போல, மறுமணம் செய்துகொண்ட அம்மாவும் முதல் கணவரிடமிருந்து வந்த தன் பங்கை இழப்பதில்லை. ஊர் என்ன சொன்னாலும் சரி.

அப்பா சாகும்போது எனக்கு 9 வயது. அம்மா என் பங்கையும் சேர்த்து விற்றுவிட்டார். இப்போது கேட்கலாமா?

மைனரின் நிலத்தை கார்டியனான தாய்கூடக் கோர்ட் அனுமதி இல்லாமல் விற்கக் கூடாது. விற்றிருந்தால் அந்த விற்பனையை நீங்கள் ரத்து செய்யக் கேட்கலாம். ஆனால் 18 வயது முடிந்து மூன்று வருடத்துக்குள், அதாவது 21 ஆவதற்குள். உங்களுக்கு 20 வயது என்றால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு இன்றைக்கே வக்கீலிடம் போங்கள். 35 என்றால், விற்ற பணம் உங்கள் படிப்புக்கும் சோற்றுக்கும்தானே போயிற்று என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

அம்மா தன் பங்கையும் சேர்த்து முழு நிலத்தையும் வெளியாளுக்கு விற்கப் போகிறாராம்.

அவர் விற்க முடிவது அவர் பங்கை மட்டும். வாங்குகிறவருக்கும் அவ்வளவுதான் போகும். கூட்டாக வாரிசு வந்த சொத்தில் ஒருவர் தன் பங்கை விற்க நினைத்தால், மற்ற முதல் வகுப்பு வாரிசுகளுக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. விவசாய நிலத்துக்கும் அது பொருந்தும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விலை பேசுகிறார்கள் என்று தெரிந்ததும், வாங்கப் போகிறவருக்கு வக்கீல் நோட்டீஸ் ஒன்று அனுப்பிவிடுங்கள். பாதி வியாபாரம் அங்கேயே நின்றுவிடும்.

பேசிப் பார்த்தாயிற்று, நடக்கவில்லை. கேஸ் போட்டால் எவ்வளவு காலம் ஆகும்? காலக்கெடு உண்டா?

கூட்டாக இருக்கும்வரை பாகம் கேட்கக் காலக்கெடு இல்லை. ஒரு வாரிசு அனுபவிப்பது எல்லாருக்காகவும் அனுபவிப்பதாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். "உனக்கு இதில் ஒன்றும் இல்லை, வெளியே போ" என்று வெளிப்படையாக மறுத்துத் தள்ளினால், அன்றிலிருந்து 12 வருடம் ஓட ஆரம்பிக்கும். அந்தத் தேதியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நிலம் இருக்கும் இடத்துக் கோர்ட்டில்தான் வழக்கு. மதிப்பைப் பொறுத்து முன்சிப் கோர்ட்டோ சப் கோர்ட்டோ. நீங்கள் கோயம்புத்தூரில் இருந்தாலும் எருத்தேம்பதி நிலத்துக்கு இங்கேதான் வர வேண்டும். இங்கே கொஞ்சம், பொள்ளாச்சியில் கொஞ்சம் என்றால், இரண்டையும் சேர்த்து ஏதாவது ஓர் ஊர்க் கோர்ட்டில் ஒரே வழக்காகப் போடலாம்.

முதலில் யாருக்கு எவ்வளவு என்று ஆரம்பத் தீர்ப்பு. பிறகு கோர்ட் அனுப்பும் கமிஷனர் வந்து அளந்து, கிணறும் வழியும் யாருக்கு என்று பார்த்து, இறுதித் தீர்ப்பு. முதலாவது கிடைத்ததும் ஜெயித்துவிட்டோம் என்று வெடி போட்டவர்கள் உண்டு. இரண்டாவதற்குள் அவர்களுக்கு நரை விழுந்தது.

அதனால் கோர்ட்டுக்கு முன் தாலுகா சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு, உங்கள் அம்மாவுக்கும் சேர்த்துத்தான். லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) ஒத்துக்கொண்டு எழுதியது தீர்ப்புக்குச் சமம், அதன் மேல் அப்பீல் கிடையாது.

வாரிசாக வந்த சொத்துக்கு வரி கட்ட வேண்டுமா?

வேண்டாம். மரண வரி 1985-லேயே போயிற்று. பின்னால் விற்றால் லாபத்துக்கு வரி வரலாம்.

கேஸ் போட்டால் அம்மாவைக் கவனிக்கும் கடமை போய்விடுமா?

போகாது. 2007 வருடப் பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி ஆர்.டி.ஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) தலைமையிலான தீர்ப்பாயத்தில் அவர் உங்களிடம் மாதச் செலவு கேட்கலாம், நீங்கள் அவர் மேல் பாக வழக்கு நடத்திக்கொண்டிருக்கும்போதே. இரண்டும் வேறு வேறு கோப்பு. கவனித்துக்கொள்வேன் என்ற நிபந்தனையோடு அவர் எழுதிக் கொடுத்த தானத்தையும், கவனிக்காவிட்டால் அங்கே ரத்து செய்யலாம்.

அம்மா என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். என்ன செய்வது?

வடகரப்பதியிலிருந்து வந்த ஒரு பெண் இதையே கேட்டார். நோட்டீஸ் போன நாளிலிருந்து அம்மா கதவைத் திறப்பதில்லையாம். ஞாயிற்றுக்கிழமை தோறும் போய்த் திண்ணையில் மாத்திரையையும் மீன் குழம்பையும் வைத்துவிட்டு வந்துகொண்டிருந்தார். அடுத்த வாரம் போனால் தூக்குப்போசி கழுவித் திண்ணையில் இருக்குமாம். ஆறு மாதம் இப்படி. அப்புறம் ஒரு வாரம் போசிக்குள் நாலு முருங்கைக்காய் இருந்ததாம். அடுத்த வாரம் இரண்டு பேரும் சேர்ந்தே என் திண்ணைக்கு வந்தார்கள், பாகபத்திரத்துக்கு என்ன என்ன கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு.